மலைக்காற்று ஒரு மூட்டை

புதிதாக வந்து சேர்கிறவன் எவனாக இருந்தாலும் அவன் தலையில் முதல் மிளகாயை அரைப்பது ஊசிதான். மலைமேல் இருந்த அந்த ராணுவ முகாமில் இது எழுதாத சட்டம். வண்டிக் கொட்டகையின் மூத்த மெக்கானிக் அவர். ஆள் ஒல்லி, நாக்கு அதைவிடக் கூர்மை. பெயர் வைத்த அம்மாவே வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். ஊசி என்றால் தூக்கத்திலும் எழுந்து உட்காருவார்.

அவருடைய விளையாட்டுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. யாருக்கும் அடிபடக் கூடாது. சோற்றில் கை வைக்கக் கூடாது. பையன் கண்ணில் தண்ணீர் வந்தால் அதோடு விட்டுவிட வேண்டும். போன மாதம் வந்த ஒருவனிடம், மைதானத்து ஓரத்தில் நிற்கும் தண்ணீர்த் தொட்டிதான் இந்த முகாமிலேயே மூத்தது, அதற்கு மேஜர் பதவி, காலையும் மாலையும் சல்யூட் வைக்க வேண்டும் என்று சொல்லிவைத்தார். அவனும் வைத்தான். ஒருநாள் தொட்டியும் கேப்டனும் ஒரே பக்கமாக எதிர்ப்பட்டபோது, பதவியில் பெரியது எதுவோ அதற்கு முதலில் வைத்தான்.

கேப்டன் அன்றே ஊசியைக் கூப்பிட்டுவிட்டார். சத்தமெல்லாம் போடவில்லை. மேசையிலிருந்த லீவுக் கடிதத்தைக் காட்டி, இன்னொரு தடவை இப்படி ஏதாவது காதில் விழுந்தால் இது இரண்டாகக் கிழியும் என்று மட்டும் சொன்னார்.

ஊசிக்கு அந்த லீவு உயிர் மாதிரி. மகளுக்குத் தலைப்பிரசவம். அந்த மகள் பிறந்தபோது அவர் வேறொரு எல்லையில், வேறொரு பனியில் கிடந்தார். வீடு போய்ச் சேர்ந்து குழந்தையைத் தூக்கினால் அது அவர் விரலைக் கடித்தது. பல் முளைத்திருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை, அவர் எதற்குத் தாமதமாக வந்தாலும் மனைவி ஒரே வார்த்தைதான் சொல்வாள்: "பல்லு முளைச்சப்புறம்தானே வருவீங்க." பேரப்பிள்ளை விஷயத்திலாவது அந்த வாயை அடைக்க வேண்டும் என்று கங்கணம் கட்டியிருந்தார்.

அதனால் ஒரு மாதம் வாலைச் சுருட்டிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கையைக் கட்டலாம், நாக்கை எங்கே கட்டுவது? லீவுக்கு முந்தின நாள் மதியம் புதிதாக ஒருவன் வந்து இறங்கினான்.

தோள் அகலமான ஆள். எது சொன்னாலும் தலையை ஆட்டினான். பார்த்த உடனேயே சமையல்காரர் அவனுக்குக் கன்னுக்குட்டி என்று பெயர் வைத்துவிட்டார். இதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று ஊசி கேட்டார். "லாரிப்பேட்டையில கிடைச்ச வேலைங்கண்ணே" என்றான். கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் அடுத்த கேலிக்குப் போய்விடுவது ஊசியின் வழக்கம். அது அவர் காதில் ஏறவே இல்லை.

அவர் கொட்டகையில் நின்ற தபால் ஜீப்பின் டயரைத் தட்டிக் காட்டினார். இந்த வண்டி போன வாரம்தான் கீழேயிருந்து வந்தது, டயருக்குள் இருப்பது சமவெளிக் காற்று, இந்தக் குளிரில் அதற்கு மூச்சு முட்டும், முட்டினால் வளைவில் வண்டி காலை வாரும். ஆகவே பழைய காற்றை இறக்கிவிட்டு மலைக்காற்று நிரப்ப வேண்டும். மலைக்காற்று ஸ்டோரில் கிடைக்கும். இதையெல்லாம் முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல் சொல்லி, உள்ளே பாலித்தீன் வைத்த காலி மாவுச் சாக்கு ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார்.

"ஓட்டை இல்லாத சாக்கு. வழியில சிந்தாம கொண்டு வாடா தம்பி."

கன்னுக்குட்டி சாக்கோடு போனான். ஸ்டோர்க்காரர் அலமாரியெல்லாம் தேடுகிற மாதிரி தேடிவிட்டு, இன்றைக்குத் தீர்ந்துபோச்சு, சமையல்கட்டில் கொஞ்சம் இருக்கும் என்றார். சமையல்காரர் தன்னிடம் இருப்பது சூடான காற்று, டயருக்கு ஆகாது, ஆறவைத்துத் தரட்டுமா என்றார். அங்கிருந்து முடிவெட்டுகிறவரிடம். அவர் சாக்கின் வாயைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்து, ஏற்கெனவே பாதி இருக்கிறதே என்றார். பழைய ஆட்கள் எல்லோரும் அன்று சாப்பாட்டு மேசையில் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிப்போனார்கள். கன்னுக்குட்டி எல்லோருக்கும் தலையாட்டினான். ஒருவரையும் கோபமாகப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஊசி சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையும் கையில் தகரப் பெட்டியுமாகக் கொட்டகைக்கு வந்தார். முந்தின மாலை மனைவி போனில், வலி லேசாக ஆரம்பித்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று சொல்லியிருந்தாள். கீழே போகும் பாதை ஒற்றை வண்டிப் பாதை. காலையில் இறங்குகிற வண்டிகள் போகலாம். வெயில் ஏறியதும் மேலே வருகிற லாரிகளுக்கு வழிவிட்டு அடைத்துவிடுவார்கள். அப்புறம் நாளைக்குத்தான்.

அவரைக் கீழே கொண்டுபோக வேண்டிய தபால் ஜீப் நின்றிருந்தது. நின்றிருந்தது என்று சொல்ல முடியாது, உட்கார்ந்திருந்தது. நாலு டயரும் அப்பளம். பக்கத்தில் கன்னுக்குட்டி விறைப்பாக நின்றான்.

"பழைய காத்தைச் சுத்தமா இறக்கிட்டேங்கண்ணே. ஸ்டோர்ல புதுக் காத்து வந்துடுச்சான்னு கேக்கணும்."

ஊசி பெட்டியைக் கீழே வைத்தார். காற்று அடிக்கிற மெஷின் ரிப்பேருக்குக் கீழே போயிருந்தது. அதைக் கழற்றி அனுப்பியதே அவர்தான். கொட்டகையில் மிச்சமிருந்தது ஒரு கை பம்பு. அதன் தோல் வாஷர் காய்ந்து, அடித்தால் பாதிக் காற்று அடிப்பவன் முகத்துக்கே வரும்.

திட்டலாம் என்று வாயைத் திறந்தார். என்னவென்று திட்டுவது? சொன்னதைச் செய்திருக்கிறான்.

ஜீப் ஓட்டுகிற குறட்டை வந்து பார்த்தார். உட்கார்ந்த இடத்தில் தூங்குகிற ஆள், அன்று முழுசாக முழித்துக்கொண்டார். ஸ்டோர்க்காரரும் சமையல்காரரும் ஓடி வந்தார்கள். ஊசியோடு சேர்த்து நாலு பேர், நாலு பேரும் நேற்று சிரித்தவர்கள். சமையல்காரர் எண்ணெய் கொண்டுவந்து வாஷரில் தடவினார். கன்னுக்குட்டி ஒரு தகர மூடியை நீட்டினான். வால்வுக்குள் இருக்கும் குட்டி ஊசிகள் நாலும், மூடிகள் நாலும், ஒரு பொட்டு மண் படாமல் அதில் வரிசையாக இருந்தன. ஊசி அவற்றைப் பார்த்தார். ஏதோ ஒன்று மனதில் முள்ளாக உறுத்தியது. நின்று யோசிக்க நேரமில்லை.

அடித்தார்கள். மாவரைக்கிற வேலையே மேல் என்று ஆகிவிட்டது. ஓராள் குனிந்து குனிந்து எழுந்து, தோள்பட்டை கழன்று விழுகிற நேரத்தில் அடுத்தவர் வாங்கிக்கொள்வார். கை பிடிக்கும் இடத்தில் மரக்கட்டை பாதி உடைந்திருந்ததால் உள்ளங்கை கொப்புளித்தது. அந்தக் குளிரிலும் ஊசியின் இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கன்னுக்குட்டி உதவிக்கு வந்தபோது, நீ தொடாதே, நீ தொட்டதே போதும் என்று விரட்டிவிட்டார்கள். அவன் மாவுச் சாக்கை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றான்.

மூன்று டயர் எழுந்துவிட்டது. நாலாவது பாதியில் இருக்கும்போது கேப்டன் வந்தார்.

கொட்டகை வாசலில் நின்று பார்த்தார். முகாமின் நாலு பெரிய தலைகள் வேர்த்து வழிந்து பம்பைச் சுற்றி நிற்கின்றன. நேற்று வந்தவன் மட்டும் உலர்ந்த சட்டையோடு சும்மா நிற்கிறான். அவர் ஊசியிடம் கேட்கவில்லை. நேராகப் புதியவனிடம் போனார்.

"என்ன நடக்குது இங்க?"

ஊசி கண்ணை மூடிக்கொண்டார். கடிதம் இரண்டாகக் கிழிகிற சத்தம் காதில் கேட்டுவிட்டது. மனைவியின் குரலும் கேட்டது.

"காத்து அடிக்கறாங்க சார்" என்றான் கன்னுக்குட்டி. "லீவுல ஒருத்தர் வீட்டுக்குப் போறப்ப, சீனியருங்க தங்கள் கையாலயே அந்த வண்டிக்குக் காத்து அடிச்சு அனுப்புவாங்களாம். இங்க அது வழக்கமாம் சார். மெஷின்ல அடிச்சா மரியாதை இல்லையாம்."

கொட்டகையில் பம்பு மட்டும் ஒரு தடவை சீறியது. கேப்டன் மற்ற நால்வரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"அப்படியா?"

நாலு பேரும் தலையை ஆட்டினார்கள். உண்மையான கன்றுக்குட்டிகூட அவ்வளவு வேகமாக ஆட்டியிருக்காது.

"என் காதுக்கு வராத வழக்கமா இருக்கே" என்றார் கேப்டன். உதட்டின் ஓரம் லேசாகத் துடித்தது, அடக்கிக்கொண்டார். "நல்ல வழக்கம். விட்றாதீங்க. இனிமே இங்கேருந்து யார் லீவுல போனாலும், இந்தப் பையனே போனாலும், நீங்க நாலு பேரும்தான் அடிக்கணும். இதே பம்பு."

போகும்போது ஊசியின் தோளில் தட்டி, பாதை அடைக்கப் போகிறார்கள், சீக்கிரம் கிளம்பு என்றார்.

ஸ்டோர்க்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வருஷத்தில் முகாமிலிருந்து எத்தனை பேர் லீவில் போகிறார்கள் என்று சமையல்காரர் விரல் மடக்க ஆரம்பித்து, இரண்டு கையும் போதாமல் விட்டுவிட்டார்.

கடைசி டயரும் ஏறியது. ஊசி பெட்டியை வண்டியில் வைத்தபோது கன்னுக்குட்டி கொட்டகைக்குப் பின்னாலிருந்து வந்தான். மாவுச் சாக்கு இப்போது தலையணை மாதிரி உப்பியிருந்தது. வாயை இறுக்கிக் கயிறு கட்டியிருந்தான்.

"பேரப்பிள்ளைக்குங்கண்ணே. மலைக்காத்து. வழியில சிந்தாம கொண்டு போங்க. வரும்போது காலிச் சாக்கைத் திருப்பிக் கொண்டு வந்துடுங்க, ஸ்டோர்ல கேப்பாங்க."

முகத்தில் ஒரு சுருக்கம் மாறவில்லை. ஊசி அந்த முகத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் சாக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

இரண்டு வளைவு தாண்டியதும் குறட்டையிடம் கேட்டார். "அவன் முன்னாடி என்ன வேலை பாத்தான்னு சொன்னான்?"

"லாரிப்பேட்டைன்னு உன்கிட்டதானே சொன்னான். அங்க என்ன பூவா கட்டுவாங்க? பஞ்சர் ஒட்டற கடையில சின்ன வயசுலேருந்து இருந்தவனாம். நேத்து சாயந்தரம் பேசிக்கிட்டிருந்தோம்."

"நேத்தே தெரியுமா உனக்கு?"

"நீ கேக்கலையே" என்றார் குறட்டை, அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டே. தானும் காலையில் கை கொப்புளிக்க அடித்ததை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, அந்த வளைவைத் திருப்பியதும், "ஆனா இறக்குவான்னு எனக்கும் தெரியாதுப்பா" என்றார்.

அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் காவலுக்கு நின்றவன் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தான். சாக்கைக் காட்டி, இதில் என்ன என்றான். ஊசி சாக்கின் கயிற்றை ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டார்.

"காத்து."

காவலன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். அவன் ரொம்பப் பாவமாகப் பார்த்தான். மலைமேல் ரொம்ப நாள் இருந்தவர்களுக்கு இப்படி ஆகும் என்று கேள்விப்பட்டவன் போல, போங்க ஐயா என்று மெதுவாகத் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டான். பாதை அடைக்கும் சங்கு அவர்களுக்குப் பின்னால் ஊதியது.

அடிவாரத்து ஊர் ஆஸ்பத்திரி நடைவழியில் மருந்து வாடை. பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தாள். உள்ளே கதவுக்கு அப்பால் மகள் முனகுவது கேட்டது. இன்னும் பிறக்கவில்லை. ஊசி பக்கத்தில் உட்கார்ந்தார். கை கொப்புளம் எரிந்தது. மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பல்லு முளைக்கறதுக்குள்ள வந்துட்டீங்களே" என்றாள். சொன்ன பிறகு முந்தானையால் அவர் நெற்றி வேர்வையைத் துடைத்தாள். அதற்கப்புறம்தான் மடியில் இருந்ததைக் கவனித்தாள். விரலால் ஒரு குத்து குத்திப் பார்த்தாள். "இதுல என்ன?"

பொய் சொல்ல வரவில்லை. புதிதாக வந்தவனிலிருந்து சாவடிக்காரன்வரை எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டு முடித்தாள்.

"உங்க வாய்லேருந்து வர்றதும் இதுதானே. இதுக்கு எதுக்கு தனியா ஒரு மூட்டை?"

அப்போது உள்ளே குழந்தை வீறிட்டது. ஊசி திடுக்கிட்டு எழுந்ததில் சாக்கு கைக்குள் நசுங்கி, கயிறு நழுவி, காற்று மொத்தமும் புஸ்ஸென்று நடைவழியில் போயிற்று. குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போன துப்புரவுக்காரம்மா நின்று அவரை முறைத்தாள்.

மனைவி முதலில் கதவுப் பக்கம் ஓடினாள். ஊசி ஒரு நொடி நின்றார். சாக்கில் ஒட்டியிருந்த மாவை உதறி, நாலாக மடித்து, பெட்டிக்குள் பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டு அவள் பின்னால் போனார். ஸ்டோரில் கேட்பார்கள்.