முறை இல்லாத மதகில்

“ஏரோப்ளேன் ஓட்டுவீங்களா?”

“அது முதுகுல நிக்கிற ஏரியல் செய்யுறவன் நான். பைலட்டு தரையோட பேசுறதுக்கு.”

“ஒரு கம்பிக்கா பெங்களூர்ல உத்தியோகம்?”

“பறக்கும்போது காத்து அதைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, அம்சம். அங்கதான் வேலையே.”

கல்யாணமான வாரத்தில் நடராசனோடு பேசியது. அன்றே அம்சம் ஒன்று கேட்க நினைத்தாள்; வாய் வரவில்லை. அவன் கிளம்பிப் போனான். அவள் பாபநாசம் பக்கத்து ஊரில் மாமியாரோடு தங்கிவிட்டாள்.

இந்த லீவில் வந்தவன், தினமும் மத்தியானம் ஆனதும் துண்டுக்குள் எதையோ சுருட்டிக்கொண்டு மதகுக்குப் போனான். கேட்டால் “சும்மா” என்றான்.

முறைத்தண்ணீர் காலம்; நாளுக்கு ஒருவர் வயலுக்குத்தான் பாசனம். முறை இல்லாதவன் மதகடியில் நின்றாலே பலகையைத் தூக்கித் தண்ணீர் திருடுகிறான் என்றுதான் அர்த்தம். பண்ணையில் நடந்த கூலித் தகராறுக்கு வந்த போலீஸ் முகாம் இன்னும் கலையவில்லை.

“இன்னிக்குப் பண்ணை முறை. ஒம் புருசனுக்கு அங்க என்ன வேலை?” என்றான் பண்ணைக் காவல்காரன் மருதையன், குழாயடியில். “சொல்லி வை. அடுத்த தடவை போலீஸ் கேக்கும்.”

பக்கத்து வீட்டுக் காத்தாயி சிரித்தாள். “பலகையாவது ஒண்ணாவது. துண்டுல மறைக்கிறது பெங்களூர்க்காரி போட்டோவா இருக்கும்டி.”

அம்சத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் அவன் பின்னாலேயே போனாள்.

மதகுப் பலகை தூக்காமல் போட்டபடியே இருந்தது. வாய்க்கால் குறுகித் தண்ணீர் வேகமெடுக்கும் இடத்தில் நடராசன் நின்றான். ஒரு மூங்கில் கழியைத் தண்ணீரில் பிடித்தான். அதன் பின்னால் சுழல் சுழலாகக் கிளம்பியது. பிறகு மீன்போலச் சீவிய பூவரசந் துண்டை இறக்கினான். பிரிந்த தண்ணீர் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டது.

“இதைத்தான் மறைச்சீங்களா?”

திரும்பினான். “ஏரியலுக்கு உறை. கம்பி உள்ள இருக்கும்.”

“கூர் பின்னால இருக்கே?”

“தடிச்ச பக்கம் முன்னால இருந்தாத்தான் இழுக்காது.”

“பெங்களூர்ல காத்தே இல்லையா, இங்க வந்து பாக்க?”

“காத்தடிச்சுப் பாக்கக் கூண்டு இருக்கு. அங்கயும் முறைதான். என் முறை வர மாசமாகும்.”

“ஊரே தண்ணித் திருடன்னு பேசுது.”

“நீ?”

“நான் வேற நினைச்சேன். வீட்டுல சொல்லிட்டு வர வேண்டியதுதானே?”

அவன் துண்டைப் பிழிந்தான். “வீட்டுல இருந்தா, எதையோ கேக்கப் போற மாதிரியே பாக்குற. நான் பெங்களூர்ல ரெண்டு பேரோட ஒத்த ரூம்ல கிடக்கிறேன். என்ன பதில் சொல்றது?”

ஆக, அவளிடமிருந்துதான் ஒளிந்திருக்கிறான். கரையில் மருதையனின் சைக்கிள் வந்து நின்றது. அம்சம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஈர மரத்துண்டை வாங்கி முந்தானையில் துடைத்தாள்.

“வேற ரூம் பாருங்க,” என்றாள். “என்னையும் கூட்டிட்டுப் போங்க.”