இரும்பு ஓநாயின் கதை

மாக்கிறேட் பஞ்சை நனைத்து, கட்டிலில் கிடந்த கணவர் யோனாஸின் உதடுகளை ஒற்றிக்கொண்டிருந்தபோது அவர் மறுபடியும் அதையே கேட்டார், லித்துவேனிய மொழியில். காலையிலிருந்து அவருக்கு ஆங்கிலம் மறந்துபோயிருந்தது. கணவனும் மனைவியும் இத்தனை வருடமாகப் பேசிவந்த மொழி அது ஒன்றுதான்.

"என்னவாம் அன்ரி?" என்றாள் அவரைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்த நேர்ஸ் கமலினி.

"விளங்கேல்லைப் பிள்ளை. கெடிமினாஸ், வில்னியஸ் எண்ட சொல்லுகள்தான் பிடிபடுது. கெடிமினாஸ் அவையின்ர பழைய கோமகன். வேட்டைக்குப் போன இடத்தில மலையில படுத்தவராம். இரும்பு ஓநாய் ஒண்டு ஊளையிடுறமாதிரிக் கனவு. இதில ஒரு நகரத்தைக் கட்டு, பேர் உலகமெல்லாம் கேக்கும் எண்டு பூசாரி சொன்னாராம். அப்பிடிக் கட்டினதாம் வில்னியஸ். இவர் சின்னனில சண்டைக்குள்ளால அங்கயிருந்து ஓடிவந்தவர். அகதி முகாமில தகப்பன் சொல்லி நித்திரையாக்கிற கதை."

கமலினி நாடி பிடித்துப் பார்த்தாள். "இண்டைக்குத் தாண்டாது அன்ரி. ஆருக்கும் சொல்லவேணுமெண்டா இப்பவே சொல்லுங்கோ. நான் பின்னேரம் வாறன்."

அவள் போனதும் நோபல் பார்க் வீடு ஓய்ந்தது. யோனாஸ் திரும்பவும் கேட்டுவிட்டு, மனைவியின் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார். "ஓம்" என்றாள் மாக்கிறேட். அவர் பார்வை அவளை விட்டுக் கதவுப் பக்கம் போனது.

வெகுதொலைவில், செவன் ஹில்ஸில் ரூத்தா இருந்தாள், அவருடைய மூத்த தாரத்து மகள். அவர் மாக்கிறேட்டைக் கைப்பிடித்த நாள்முதல் தகப்பனோடு பேசாதவள். மாக்கிறேட் அவளை ஒருநாளும் அழைத்ததில்லை. இப்போது அழைத்தாள்.

"அப்பா ஏதோ கேட்டபடியே இருக்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லி, போனை அவர் வாயருகே பிடித்தாள். அவர் கேட்டார்.

"கதையைச் சொல்லச் சொல்கிறார்" என்றாள் ரூத்தா. குரல் உடைந்திருந்தது. "காதில் வையுங்கள்."

அந்த மொழியில் கதை தொடங்கியது. யோனாஸின் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. அவரை இப்படியொரு முகத்தோடு மாக்கிறேட் கண்டதேயில்லை. தன் வீட்டிலேயே விருந்தாளி போலக் கட்டிலோரம் நின்றாள். கை கடுத்தது, மாற்றவில்லை.

ஓரிடத்தில் ரூத்தா மெல்ல ஊளையிட்டாள். யோனாஸின் உதட்டோரம் அசைந்தது. மார்பு ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு ஏறவில்லை.

மாக்கிறேட் மற்றக் கையால் அவர் இமைகளை மூடி, நெற்றியில் சிலுவை போட்டாள்.

ரூத்தா சொல்லிக்கொண்டிருந்தாள். மாக்கிறேட் சத்தமில்லாமல் கதிரையை இழுத்து உட்கார்ந்து, போனை அவர் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.