முதுகு காட்டி உட்கார்ந்தவர்கள்

அந்தக் கனவை அம்மாவிடம் சொல்வதாகத்தான் இருந்தேன்.

எங்கள் வீட்டில் கனவை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிவிட முடியாது. முதலில் கேட்பவர் என்ன பொருள் சொல்கிறாரோ அதன்படியே அது பலிக்கும் என்பது அம்மாவின் நம்பிக்கை. அதனால் நம்மேல் பிரியம் உள்ளவராகப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படி யாரும் பக்கத்தில் இல்லையென்றால் சொல்லாமலே இருந்துவிட வேண்டும். இந்த ஒழுங்கை நான் ஒருநாளும் மீறியதில்லை.

அன்று விடிந்ததும் அடுப்படிக்குப் போனேன். அம்மாவின் பச்சைச் சேலை, தலையில் முக்காடு, அடுப்பைப் பார்த்து நின்ற முதுகு. கதவோரம் உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். ஒரு மண்டபம். மேடையில் நான். கீழே குழந்தைகளும் பெற்றோரும் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நான் கதை சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஒருவர்கூடத் திரும்பவில்லை.

சொல்லி முடித்ததும் அந்த முதுகு திரும்பியது. கமர்ஜஹான் மதினி.

அண்ணன் நூர் அகமதுவைக் கட்டிக்கொண்டு கீரனூரிலிருந்து அவர் வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. தன் சேலைகள் மழையில் காயாததால் அம்மாவின் சேலையை எடுத்துக் கட்டியிருந்தார். அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் சோறு, தண்ணீர், கரண்ட் எப்போது வரும் என்பவைதான். இளையவளான என்னையும் வாங்க போங்க என்பார். அது அவர்கள் பக்கத்துப் பேச்சு என்று அண்ணன் சொல்லியிருந்தான். எனக்கோ தள்ளி நிறுத்துவதுபோலவே இருக்கும். நானும் அவரிடம் பேச முயன்றதில்லை. எனக்குத் திக்குவாய். அம்மாவைத் தவிர யாரிடமும் முதல் சொல் எளிதில் வராது.

"அ... அம்மான்னு நெனச்சு..."

"தெரியுமுங்க." கரண்டியைக் கீழே வைத்தார். "ஆனா கேட்டுட்டேன். இனி நான்தானே பொருள் சொல்லணும்? வாய்க்கு வந்ததச் சொல்லிரக் கூடாது. யோசிச்சுச் சொல்றனுங்க."

கனவு எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அது 1999. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் மாலை வகுப்பாக நடந்த மாண்டிசோரி ஆசிரியர் பயிற்சியில் படித்துக்கொண்டிருந்தேன். எழுத்துத் தேர்வு முடிந்துவிட்டது. கடைசியாக, மண்டபத்தில் குழந்தைகளையும் பெற்றோரையும் உட்காரவைத்து, மேடையேறி ஒரு கதை சொல்ல வேண்டும். அதில் தேறினால்தான் சான்றிதழ். சான்றிதழும் இல்லாத திக்குவாய்ப் பெண்ணை எந்தப் பள்ளிக்கூடம் வேலைக்குக் கூப்பிடும்?

விஷயம் தெரிந்ததும் அம்மா தலையில் கைவைத்தார்.

"அவகிட்டயா சொன்ன? ஏ புள்ள, கண்ண எங்க வச்சிருந்த? அவ ஏடாகூடமா எதாச்சும் சொல்லி வச்சா என்ன செய்ய? வந்ததுலருந்து பல்லுத் தெரிய ஒரு சிரிப்புச் சிரிச்சிருக்காளா?"

"நீ சிரிச்சியாம்மா?"

"நான் மாமியாருடி."

மதினி அவசரப்படவில்லை. மாலையில் வகுப்புக்குக் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "உட்கார்ந்திருந்தது நாற்காலிங்களா, பெஞ்சுங்களா?" என்று கேட்டார்.

"நா... நாற்காலி."

தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் துணி காயப்போடும்போது, "யாராச்சும் எந்திரிச்சுப் போனாங்களா?" என்றார். இல்லை என்றேன். "தங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்களா?" அதுவும் இல்லை.

ஒவ்வொரு கேள்வியையும் அன்றன்றே நாட்குறிப்பில் எழுதி, அதற்கு என்ன பொருள் வரக்கூடும் என்று கீழே யோசித்து எழுதினேன். எப்படி யோசித்தாலும் கெட்டதாகவே வந்தது. கடைசியில், கனவில் நாற்காலிதான் இருந்ததா, அல்லது அவர் கேட்டதற்காக நானே போட்டுக்கொண்டேனா என்றுகூடத் தெரியாமல் போயிற்று.

மேடையேறுவதற்கு முந்தைய நாள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். மதினி வந்து முறத்தின் மறுபக்கம் உட்கார்ந்தார்.

"சொல்லட்டுங்களா?"

உரித்த மொச்சையை முறத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"முதுகு காட்டுனாங்க, சரி. ஆனா ஒருத்தரும் எந்திரிச்சுப் போகல. பேசிக்கவும் இல்ல. பிடிக்காதவங்க அப்படி உட்கார்ந்து கேப்பாங்களா? மொகத்தப் பாத்தா உங்களுக்கு வார்த்த நின்னுரும்னு தெரிஞ்சு, வேணும்னே திரும்பி உட்கார்ந்திருக்காங்க. அம்புட்டுப் பேரும் உங்க மேல பிரியமானவங்க. இதுதானுங்க பொருள்."

"அ... அது எப்படித் தெரியும்?"

"அன்னைக்குக் கனவச் சொன்னீங்களே, ஒரு எடத்துலயாச்சும் திக்கி நின்னீங்களா? மாமின்னு நெனச்சுத்தான் பேசுறீங்கன்னு எனக்கு மொதல்லயே தெரிஞ்சுபோச்சு. அசைஞ்சா நிறுத்திருவீங்கன்னு அப்படியே நின்னேன். பால் பொங்கி வழியுது, அதையும் பாத்துக்கிட்டே நிக்கிறேன்."

அந்தப் பாலுக்காக அன்று காலை முழுவதும் அம்மா அவரைத் திட்டியிருந்தார். அவர் பதில் பேசவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன்.

மறுநாள் அம்மா வரவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை என்று சொல்லிவிட்டார். மதினிதான் வந்தார். முன்வரிசை ஓரத்தில் கறுப்புப் புர்காவில் உட்கார்ந்திருந்தார். ரோசலின் டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டார். மைக் முன்னால் போய் நின்றேன்.

"ஒரு ஊர்ல ஒரு பூ... பூ..."

அவ்வளவுதான். உதடு சேர்ந்தது, பிரியவில்லை. மண்டபத்தில் இருந்த எல்லா முகங்களும் என்னைப் பார்த்தன.

நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. மதினி எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். இப்போது அடுத்த வரிசையில் இருந்தவருக்கு நேர் எதிரே இருந்தார். அந்த மனிதர் பதறிப்போய், "ஏம்மா, மேடை அங்கிட்டு இருக்கு" என்றார்.

"தெரியுமுங்க. எனக்குக் காதுல கேட்டாப் போதும்."

பெரியவர்கள் சிரித்தார்கள். தரையில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை, "பூனையா டீச்சர்?" என்றது.

"இல்ல. பூ..."

"பூரி!" என்றது இன்னொன்று.

"பூட்டு," என்றேன், அந்தக் கறுப்பு முதுகைப் பார்த்து. "ஒரு ஊர்ல ஒரு பூட்டு இருந்துச்சு. அதோட சாவி காணாமப் போச்சு."

அந்தப் பூட்டு சந்தைக்குப் போனது, ரயிலேறியது, மலைக்கோட்டைக்கு ஏறியது. திக்காமல் சொன்னேன் என்று எழுத மாட்டேன். பலமுறை நின்றேன். நின்ற இடமெல்லாம் குழந்தைகள் ஆளுக்கொரு சொல்லைக் கத்தின. கதை முடியும்போது நான் குழந்தைகளின் முகங்களைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

ரோசலின் டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். "நல்லாவே திக்குச்சு. ஆனா ஒரு பிள்ளைகூட ஒன்னுக்குப் போகணும்னு எந்திரிக்கலையே. எனக்கே அப்படி நடந்ததில்ல. தேறிட்ட, போ."

டவுன் பஸ்ஸில் மதினி ஜன்னலோரம் உட்கார்ந்தார். வண்டி இன்னும் கிளம்பவில்லை.

"நானும் ஒரு கனவு கண்டிருக்கனுங்க," என்றார் வெளியே பார்த்தபடி. "பன்னெண்டாவது முடிச்ச வருசம். யார்கிட்டயும் சொல்லல."

"அ... அண்ணன்கிட்ட?"

"நான் ஆரம்பிக்கிறதுக்குள்ள தூங்கிருவாருங்க." சிரித்தார். பல் தெரியத்தான். "ஒரு வகுப்புல நிக்கிறேன். பேர் கூப்பிடுறேன், கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். ஒரு புள்ளயும் இல்ல. வெறும் பெஞ்சு."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. அந்தக் கனவை முதலில் கேட்டது நான்தான் என்பதும், நான் சொல்வதுபோல்தான் அது ஆகும் என்பதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கலாம். என் வழக்கப்படி இரண்டு நாள் எழுதிப் பார்த்து, எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருப்பேன்.

"பு... புள்ளைங்க இன்னும் வரல, மதினி. டீச்சர் இன்னும் படிச்சு முடிக்கல, அதான். மாலை வகுப்புக்கு ஜூன்ல ஆள் சேப்பாங்க."

அவர் ஜன்னலிலிருந்து பார்வையை எடுத்தார். பிறகு முழுதாக என் பக்கம் திரும்பினார்.

"மாமிகிட்ட யாருங்க சொல்றது?"

"நா..." என்றேன். "நா..."

நடத்துநர் விசில் கொடுத்தார். வண்டி நிலையத்தைவிட்டு வெளியேறித் திரும்பியது. மதினி என் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார்.

"நான் சொல்றேன்."