பாம்புக் காது

வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் பாம்புக் காது. மாமனார் வைத்தது. கல்யாணமான புதிதில் அவர் வீட்டு ஸ்பீக்கரைக் கேட்டுவிட்டு, வலது பக்கம் லேசாகக் கரகரக்கிறது என்றேன். கழற்றிப் பார்த்தால் உண்மையிலேயே ஒரு வயர் விட்டுப்போயிருந்தது. அன்று ஏறிய தலைக்கனம் பதினாறு வருடமாக இறங்கவில்லை. சாதா பாட்டு ஃபைலை நான் தொடுவதில்லை. விலை மூன்று மடங்கானாலும் ஒலித் துல்லியம் கூடிய ஹை-ரெசல்யூஷன்தான் டவுன்லோடு செய்வேன். சாதாவே போதும் என்று கேட்பவர்களைக் கண்டால் ஒரு இளக்காரம். அவர்களில் முதல் ஆள் என் மனைவி. சத்தம் கூடட்டும் என்று ஃபோனை டம்ளருக்குள் நிறுத்திப் பாட்டுக் கேட்கிற ரகம்.

அவள் தங்கை பள்ளியில் கணக்கு டீச்சர். மூன்று வருட விடுமுறைகளைச் செலவழித்து, தானே எழுதி, தானே பாடி, ஒன்பது பாட்டுகளைப் பதிவு செய்திருந்தாள். அவற்றைத் தன் இணையப் பக்கத்தில் விற்கப்போகிறாள். சாதா ஒரு விலை, ஹை-ரெசல்யூஷன் மூன்று மடங்கு என்று வைக்கச் சொன்னாராம் ஸ்டுடியோக்காரர்.

"அவ்வளவு கூட வாங்குறது நியாயமான்னு தெரியல மாமா," என்று ஃபோனில் சொன்னாள். "வாங்குறவங்க பாதிப் பேர் எனக்குத் தெரிஞ்சவங்க. ரெண்டையும் உங்களுக்கு அனுப்புறேன். எது எதுன்னு சொல்ல மாட்டேன். வித்தியாசம் தெரிஞ்சா விக்கிறேன், இல்லன்னா வேணாம்."

'அ', 'ஆ' என்று பெயரிட்டு இரண்டு ஃபோல்டர்கள் வந்தன.

இந்த மாதிரி பரிசோதனை எனக்குப் புதிதல்ல. மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பார்ப்பதுதான் என் வேலை. லென்ஸை மாற்றி மாற்றி "இது தெளிவா, இது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்கிறவன். சிலர் காத்திருக்கும்போதே எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். சந்தேகம் வந்தால், லென்ஸை மாற்றாமல் சட்டத்தை மட்டும் டக்கென்று தட்டிவிட்டு "இப்ப?" என்பேன். "இப்ப சூப்பரா தெரியுது சார்" என்பார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக வரும்.

அப்படிப்பட்ட நான் செய்த காரியத்தைச் சொல்லவே கூசுகிறது. ஹெட்ஃபோனை மாட்டி 'அ' கேட்டேன், 'ஆ' கேட்டேன், மறுபடி 'அ'. ஒரு மண்ணும் தெரியவில்லை. தெரியவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் பாம்புக் காதின் மானம் என்னாவது? ஃபோல்டர்களின் அளவைப் பார்த்தேன். 'ஆ' ஐந்து மடங்கு பெரியது. அதற்குப் பிறகு கேட்டால், சத்தியமாகச் சொல்கிறேன், 'ஆ' அமிர்தமாக இருந்தது.

'ஆ'தான், சந்தேகமே இல்லை என்று எழுதினேன். அதோடு விட்டேனா? நாலாவது பாட்டில் இரண்டாம் சரணத்துக்கு முன் நீ மூச்சு இழுப்பது 'ஆ'வில் துல்லியமாகக் கேட்கிறது, 'அ'வில் அமுங்கிவிட்டது என்று கைச்சரக்கையும் சேர்த்தேன். அவள் அதை அப்படியே தன் பக்கத்தில் போட்டாள். இருநூறு பேருக்கு மேல் வாங்கினார்கள், முக்கால்வாசிப் பேர் பெரிய ஃபைலை.

மூன்றாவது வாரம் ஒலிப்பதிவு தெரிந்த ஒருவர் அந்தப் பக்கத்தில் எழுதினார். இரண்டும் ஒன்றுதானாம். சாதா ஃபைலையே ஊதிப் பெரிதாக்கி விற்கிறார்களாம். மச்சினி விடவில்லை. எங்கள் மாமா கேட்டுச் சொன்னது பொய்யாகாது என்று இரண்டு நாள் அவரோடு மல்லுக்கு நின்றாள். ஏமாற்றுக்காரி என்று நாலு பேர் எழுதியும் அசரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், ஆளில்லாத நேரத்தில் கடைக்கு வந்து, கண் பார்க்கும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஸ்டுடியோக்காரர் ஒத்துக்கிட்டார் மாமா. அசல் பதிவு அழிஞ்சுபோச்சாம். சாதா ஃபைலையே மாத்திக் குடுத்திருக்கார்."

கையிலிருந்த லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"உங்களுக்கு நிஜமாவே வித்தியாசம் கேட்டுச்சா?"

ஹெட்ஃபோன் சரியில்லை, சளி பிடித்திருந்தது என்று ஏழெட்டுச் சாக்குகள் நாக்கு நுனி வரை வந்தன. எப்படியோ விழுங்கினேன்.

"கேக்கல. ஃபைல் சைஸைப் பாத்துச் சொன்னேன்."

"அந்த மூச்சு?"

"அதுவும் சும்மாதான்."

கைப்பையின் வாரைத் திருகினாள்.

"அந்த இடத்துல மூச்சே இல்ல மாமா. எனக்குப் பிடிக்கலன்னு அன்னிக்கே வெட்டி எடுத்தாச்சு. நீங்க எழுதினதும் ஆச்சரியமாப் போச்சு. வெட்டினதோட மிச்சம்கூட மாமாவுக்குக் கேக்குதுன்னு அக்காகிட்ட பெருமையா சொன்னேன். அந்த தைரியத்துலதான் அந்த ஆளோட சண்ட போட்டேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. எனக்குக் காது வரை எரிந்தது.

"நான் எழுதிடுறேன்மா. என் தப்புன்னு உன் பக்கத்துல நானே எழுதிடுறேன்."

"வேணாம். சரிபாக்காம வித்தது நான்தான். பணத்தத் திருப்பிக் குடுத்து, மன்னிப்பும் நானே கேட்டுக்குறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அது கெடக்கட்டும். பாட்டு எப்படி இருந்துச்சு மாமா? எல்லாரும் சத்தத்தப் பத்தியே பேசுறாங்க. நீங்கதான் ஒவ்வொண்ணையும் பத்துத் தடவ கேட்டிருக்கீங்க."

வாயைத் திறந்தேன். ஜால்ரா ஒலி எங்கே தேய்கிறது, 'ச' எங்கே சீறுகிறது என்று ஒன்பது பாட்டிலும் துருவித் துருவித் தேடியிருந்தேன். ஒரு வரி நினைவில்லை. நாலாவது பாட்டு யாரைப் பற்றியது என்றுகூடத் தெரியாது.

"நல்லா இருந்துச்சும்மா," என்றேன்.

"எது மாமா?"

குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டாள்.