குடத்தை யார் தூக்குவது

மோனிகா டீச்சர் எழுதிக் கொடுத்த நாடகம் ஏழு பக்கம். தலைமை ஆசிரியர் ராமகிருஷ்ணனின் மேசைக்குப் போய்த் திரும்பி வந்தபோதும் ஏழு பக்கம்தான். ஆனால் சிவப்பு மை படாத இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. 'அரசன்' என்று வந்த இடமெல்லாம் 'ஒரு பெரியவர்' ஆகியிருந்தது. கடைசி வசனத்துக்குப் பக்கத்தில், 'இது தேவையா?' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்.

"சார், இது நூறு வருஷத்துக்கு முன்னாடி எங்கியோ வெளிநாட்டுல எழுதின குழந்தைங்க கதை," என்றாள் மோனிகா.

"தெரியும்மா. ஆனா பாக்க வர்றவங்க நம்மூர்க்காரங்கதானே."

கதை சின்னதுதான். ஒரு மலை. உச்சியில் அரண்மனை. அங்கே இருப்பவர்கள் யாரும் கீழே இறங்கியதே இல்லை. தினமும் காலையில் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். எங்கிருந்து வருகிறது என்று இளவரசி கேட்டால், "மேகம் வந்து ஊற்றிவிட்டுப் போகிறது, உங்கள் அப்பாவின் பெருமைக்காக," என்பார்கள். ஒருநாள் தொட்டி காய்ந்து கிடக்கிறது. மேகத்தைத் தேடி இளவரசி இறங்குகிறாள். படிக்கட்டு நடுவில் குழி குழியாகத் தேய்ந்திருக்கிறது. பாதி வழியில் ஒரு பெண், கால் சுளுக்கி, பக்கத்தில் குடத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். "நீ யார்?" என்கிறாள் இளவரசி. அவள் சொல்கிறாள்: "நான்தான் மேகம்."

அவ்வளவுதான் கதை. முதல்முறை படித்தபோது மோனிகாவுக்கு மேல் சிலிர்த்தது. ஒன்பதாம் வகுப்பில் அதைச் சொன்ன அன்று, அந்தத் தேய்ந்த படி எதைக் காட்டுகிறது, குடம் எதைக் காட்டுகிறது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு விளக்கினாள். பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். அதையே ஆண்டு விழாவுக்கு நாடகமாகப் போடுவோம் என்று அன்றைக்கே வாயை விட்டுவிட்டாள். அன்றிலிருந்து அதற்குத்தான் அனுபவிக்கிறாள்.

பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் விநாயகம் மறுநாளே வந்துவிட்டார். நிலபுலம் உள்ளவர். பள்ளிக்குச் சுற்றுச்சுவர் எழுப்ப முன்னால் நின்றவர். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் எப்போதும் பேசுவார்.

"டீச்சரம்மா, மலைன்னு எழுதியிருக்கீங்களே, அது இன்னா மலை?"

"சும்மா ஒரு மலைங்கய்யா."

"மேல அரண்மனை இருக்குதாமே."

"கதையில இருக்குது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே ராஜகிரி மலை, உச்சியில் பழைய கோட்டையோடு, வெயிலில் பளிச்சென்று நின்றுகொண்டிருந்தது. "செஞ்சியில உக்காந்துக்கினு மலை மேல அரண்மனை, ராஜா சரியில்லன்னு நாடகம் போட்டா, எந்த ராஜான்னு கேக்க மாட்டானா? நம்மூருக்குன்னு ஒரு பேரு இருக்குதும்மா. மலைய எடுத்துடுங்க."

"மலை இல்லன்னா தண்ணி எதுக்குங்கய்யா தூக்கணும்?"

"அதுவும் சரிதான்." கொஞ்சம் யோசித்தார். "அப்ப தண்ணியையும் எடுத்துடுங்க."

மோனிகா வகுப்புக்குப் போனாள். மலையும் இல்லை, தண்ணியும் இல்லை, அரசனும் இல்லை. ஒரு பெரியவர் சமவெளியில் சும்மா நிற்கலாம். அதற்குப் பிள்ளைகள் கைதட்டலாம்.

இதெல்லாம் அவள் எதிர்பார்த்ததுதான். ஜெயசுதா வந்து நிற்பாள் என்றுதான் எதிர்பார்க்கவில்லை.

ஜெயசுதா, தண்ணீர்க்காரப் பெண்ணாக நடிக்கும் பாரதியின் அம்மா. காலனியிலிருந்து வருகிறவள், செஞ்சி கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை. அன்று லீவு போட்டு வந்திருந்தாள். மோனிகாவும் அப்படி ஒரு காலனியில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆகவே, 'பாரதிக்கு முக்கியமான வேஷம் குடுத்தீங்களே' என்று நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஜெயசுதா உட்காரவில்லை.

"எம் பொண்ணு குடம் தூக்க வேணாம் மிஸ்."

"அது சாதாரண வேஷம் இல்லம்மா. கதையே அவதான். வகுப்புலயே பாரதிக்குத்தான் அவ்ளோ நல்ல குரல்."

"குரல் நல்லா இருக்குதுன்னா இளவரசி ஆக்குங்க. அதுக்கு மட்டும் விநாயகம் ஐயா பேத்தி மணிமொழி. குடத்துக்கு மட்டும் எங்க வூட்டுப் பொண்ணா?"

"நான் அப்பிடி நினைச்சே பாக்கலம்மா."

"நினைக்கல. ஆனா அப்பிடித்தானே வந்து நின்னுச்சு?"

மோனிகாவுக்குச் சுரீரென்றது. யாரைப் பார்த்து யார் கேட்கிற கேள்வி இது. "எங்க அம்மா மீனம்பாள் அடுத்தவங்க வூட்டுக்குத் தண்ணி சொமந்துதான் என்னைப் படிக்க வெச்சாங்க. அந்தக் கஷ்டத்த நாலு பேரு தெரிஞ்சுக்கணும்னுதான் இந்தக் கதையே. குடம்னா குடம் இல்லம்மா. அது ஒரு குறியீடு."

"அப்பிடின்னா?"

"ஒண்ணைக் காட்டி, அதுக்குப் பின்னாடி இருக்கற இன்னொண்ணச் சொல்றது."

ஜெயசுதா தலையாட்டினாள். "புரியுது மிஸ். அந்தக் குறியீட்ட வேற யாராச்சும் தூக்கட்டும். எம் பொண்ணு ஏற்கெனவே இங்க நெசத்துக்கே தூக்கிக்கினுதானே இருக்கா."

"எங்க?"

ஜெயசுதா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். விளையாடுகிறாளா, நிஜமாகவே தெரியாதா என்று பார்க்கிற பார்வை. "உங்க ஸ்டாஃப் ரூமுக்குத்தான். தெனம் ரெண்டு குடம்."

அவள் போன பிறகு மோனிகா ஆசிரியர் அறைக்குப் போனாள். மூலையில் முக்காலி மேல் எவர்சில்வர் குடம், மூடி, மூடி மேல் கவிழ்த்த டம்ளர். நான்கு வருடமாக அதில்தான் குடிக்கிறாள். பள்ளி உதவியாளர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்படியானால் குடம் எப்படி நிறைகிறது என்று ஒருநாளும் தோன்றவில்லை. மேகம் வந்து ஊற்றிவிட்டுப் போனது.

"பசங்க ஆசையா செய்யறாங்க," என்றாள் பக்கத்து மேசை ஆண்டாள் டீச்சர், விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எந்தப் பசங்க?"

"எடுத்து வர்றவங்க எடுத்து வர்றாங்க. அதுல இன்னா?"

ஒன்பதாம் வகுப்பில் விசாரித்தாள். ஆறு பெண்கள், முறை வைத்து. யாரும் பட்டியல் போடவில்லை. வாத்தியார்கள் கூப்பிட்டால் போய் நிற்பவர்கள் போய் நின்றார்கள், அது அப்படியே பழக்கமாகிவிட்டது. ஆறு பேரும் காலனிப் பெண்கள். தண்ணீர்த் தொட்டி மைதானத்தின் அந்தக் கோடியில். போய் வருவதற்குள் முதல் பாடவேளை தொடங்கிவிடும். முதல் பாடவேளை மோனிகாவுடையது. தாமதமாக வந்ததற்காக பாரதியை இரண்டு முறை வெளியே நிறுத்தியிருக்கிறாள்.

"ஏன் சொல்லல?" என்றாள்.

"நீங்க கேக்கல மிஸ்," என்றாள் பாரதி. குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை.

மோனிகா நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனாள். நாளையிலிருந்து பிள்ளைகள் தண்ணீர் எடுக்கக் கூடாது என்றாள். ராமகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மோனிகாம்மா, எனக்கு பிபி இருக்குது. நாடகம் வேணும்னு சண்டை போடறீங்க, சரி. இப்ப குடம் வேணாம்னு ஒரு சண்டை. ரெண்டுல ஒண்ணு வெச்சுக்குங்களேன்."

"ரெண்டும் ஒரே சண்டைதான் சார்."

"அப்ப தண்ணிய யாரு எடுத்தாறது?"

"யாருக்குத் தாகமோ அவங்க."

அவர் சிரித்துவிட்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மறுநாள் மோனிகாவே குடத்தை எடுத்துக்கொண்டு மைதானத்தைக் கடந்தாள். பழக்கம் விட்டுப்போன இடுப்பு. புடவை முழங்கால் வரை நனைந்தது. மூன்றாம் நாள் கணக்கு வாத்தியார் அன்புச்செல்வன் அவளிடமிருந்து குடத்தை வாங்கிக்கொண்டு போனார். ஆண்டாள் டீச்சர் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவர ஆரம்பித்து, அதைக் குடிக்கும்போதெல்லாம் மோனிகாவுக்குத் தெரிகிற மாதிரிக் குடித்தாள்.

வேஷம் யார் யாருக்கு என்று இந்த முறை வகுப்பையே கேட்டாள். பாரதி பட்டென்று எழுந்தாள்.

"நான் ராஜா, மிஸ்."

மணிமொழியும் எழுந்தாள். "எனக்கு இளவரசி வேணாம் மிஸ். சும்மா உக்காந்துக்கினு கேள்வி கேக்கறதுதான் அவ வேலை. நான் குடம் எடுத்துக்கறேன்."

அன்று சாயங்காலமே விநாயகம் வந்து நின்றார், இடுப்பில் கையோடு. எம் பேத்தி தண்ணி தூக்கறதா என்று கத்தப்போகிறார் என்று மோனிகா மனசைத் திடப்படுத்திக்கொண்டாள்.

"அழுது ஆர்ப்பாட்டம் பண்றா. குடம்தான் வேணுமாம். தொலையட்டும்," என்றார். "ஆனா பிளாஸ்டிக் குடம் குடுத்துடாதீங்க. எங்க வூட்டுப் பித்தளைக் குடத்தைத் தேச்சு அனுப்பறேன்."

"ஐயா, அவ ஏழைப் பொண்ணு, கதையில."

"கதையிலதானே."

மேடையில் பித்தளைக் குடம் பளபளத்தது. 'ஒரு பெரியவர்' என்று ராமகிருஷ்ணன் திருத்தியதைப் பிள்ளைகள் ஒத்திகையில் மனப்பாடம் செய்யவே இல்லை. மலை மலையாகவே நின்றது, அரசன் அரசனாகவே வந்தான். ஒட்டு மீசையோடு பாரதி நடந்து வந்து, இடுப்பில் ஒரு கையை ஊன்றி, "மேகம் எனக்காகத்தான் வருது. என்னைக் கேக்காம வந்துடுமா அது?" என்றாள். சிரிப்பில் பந்தலே அதிர்ந்தது. மோனிகா பயந்துபோய் முதல் வரிசையைப் பார்த்தாள். விநாயகம் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவரைத் தட்டி, "நம்ம பழைய தாசில்தார் மாதிரியே இல்ல?" என்றார்.

கடைசிக் காட்சியில் இளவரசி, "நீ யார்?" என்று கேட்டதும் கரண்ட் போனது. மணிமொழி மைக் வேலை செய்யாதது தெரியாமல் மெதுவாக, உணர்ச்சியோடு சொன்னாள். இரண்டு வரிசைக்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மோனிகா மேடைக்குப் பக்கத்தில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஒன்றரை மாதம். மலைக்காகச் சண்டை, தண்ணிக்காகச் சண்டை. எல்லாம் அந்த இரண்டு வார்த்தைக்காக.

"அந்தப் பொண்ணு கடைசியா இன்னா சொல்லுச்சு?" என்று பின்னால் ஒருவர் கேட்டார். "கால் வலிக்குதுன்னுச்சு," என்றார் இன்னொருவர்.

அதுவும் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டாள் மோனிகா.

கரண்ட் வந்து, பரிசு கொடுத்து, கூட்டம் கலையும்போது ஜெயசுதா செல்போனோடு வந்தாள். மகள் வந்த இடத்தையெல்லாம் வீடியோ எடுத்து வைத்திருந்தாள். மீசையைப் பிய்த்து எடுத்த இடம் சிவந்திருக்க, பாரதி அம்மா தோளில் சாய்ந்து நின்றாள்.

"நல்லா பண்ணா மிஸ். ஊரே சிரிச்சுது," என்றாள் ஜெயசுதா. பிறகு கொஞ்சம் தயங்கினாள். "ஆனா ஒண்ணு சொல்லட்டா? ராஜாவுக்கு வசனம் கம்மி. எல்லாம் அந்தக் குடத்துக்காரிக்கே எழுதி வெச்சுட்டீங்க."

மோனிகா அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கும் வரை சிரித்தாள். ஜெயசுதாவுக்கு எதற்கென்று புரியவில்லை. ஆனால் இந்த முறை, யாரும் சொல்லாமலே, அவளும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.