நவாபிடம் பேசக் கூடாது

குதிரையேற்றம் என்ற கலையை முழுதாகப் புரிந்துகொண்டவர்கள் இந்த நாட்டில் மூன்று பேர். இருவர் இறந்துவிட்டார்கள். மூன்றாமவன் புனேயில் பி.காம். கடைசி வருடம் படிக்கிறான். காலை வேளைகளில் லோஹேகாவ் பக்கம் ஒரு குதிரைப் பள்ளியில் உதவிப் பயிற்சியாளனாக இருக்கிறான். பெயர் சபரி. நான்தான்.

நான் கண்டறிந்த உண்மை எளியது. குதிரைக்குக் காது உண்டு, மொழி கிடையாது. அதற்குப் புரிவதெல்லாம் ஓட்டுபவரின் கால், கடிவாளம், உட்காரும் விதம், அவ்வளவுதான். குதிரையோடு பேசுகிறவர்கள் ஏ.டி.எம். இயந்திரத்துக்கு வணக்கம் சொல்கிறவர்கள். பணம் வரும். வணக்கத்தால் வராது.

இப்படிப்பட்டவர்கள் எங்கள் பள்ளிக்கு நிறைய வருவார்கள். விமானப்படைக் குடியிருப்பிலிருந்து வரும் அம்மாக்கள் வேலிக்கு வெளியே நின்று "குட் பாய், குட் பாய்" என்பார்கள். அது பெட்டைக் குதிரையாக இருக்கும். சிஞ்ச்வட்டிலிருந்து வரும் ஓர் அப்பா தன் கம்பெனியில் நடக்கும் அநியாயங்களைக் குதிரையிடம் மராத்தியில் முறையிடுவார். இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். கல்யாணசுந்தரத்தை மன்னிக்க முடியாது.

அவர் கோயம்புத்தூர்க்காரர். வாகடில் வீடு, ஐ.டி. வேலை, ஐம்பதை நெருங்கும் வயது. உண்மையில் அவர் என் மாணவரே அல்ல. அவருடைய மகள் ப்ரீத்திதான் சேர்ந்தாள். ஏழாம் வகுப்புப் பெண். சேர்ந்த மாதத்திலேயே ஒரு நாள், அவள் உட்கார்ந்திருந்த நவாப் என்ற குதிரை ஒரு பிளாஸ்டிக் பையைப் பார்த்துச் சட்டென்று பக்கவாட்டில் ஒதுங்கியது. ப்ரீத்தி ஒதுங்கவில்லை, நேராகப் போய்விட்டாள். காறை எலும்பு முறிந்தது. நவாப் ரேஸில் ஓடி ஓய்வு பெற்ற குதிரை. தலைக்கு மேல் போர் விமானம் வானத்தைக் கிழித்துக்கொண்டு போனாலும் கண்ணை மூடித் தூங்கும். பிளாஸ்டிக் பை வேறு விஷயம்.

எலும்பு கூடிவிட்டது. ப்ரீத்தி திரும்பி வரவில்லை. கட்டிய ஃபீஸ் திரும்பாது என்று பள்ளியின் உரிமையாளர் ரீனா மேடம் சொன்னதும், கல்யாணசுந்தரம் தகப்பன் என்ற முறையில் ஒரு முடிவெடுத்தார். மகளின் மீதி வகுப்புகளுக்கு அவரே வந்து நின்றார்.

"வீணாப் போயிருமுங்களே, மாஸ்டர்" என்றார் என்னிடம்.

பத்து வயதுப் பிள்ளைகளின் வரிசையில் கடைசியாக, தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். அவருக்கு நவாபையே கொடுத்தேன். கிட்டே போய்க் கைகூப்பினார்.

"ஏனுங்க, வணக்கமுங்க. நானு ப்ரீத்தியோட அப்பனுங்க."

"அரே அங்கிள், இது ரேஸ் கோர்ஸ் குதிரை. அதுக்குத் தமிழ் நஹி சமஜ்தா."

"மருவாதி புரியுமுங்க, மாஸ்டர்."

அன்றிலிருந்து இதே கதைதான். கிளம்ப வேண்டுமென்றால் "போலாமுங்களா?" துள்ளுநடைக்கு, அதாவது நாங்கள் ட்ராட் என்று சொல்வதற்கு, "கொஞ்சம் வெரசாப் போலாமுங்க." நிறுத்த வேண்டுமென்றால் "நில்லுங்க சாமி." இடையிடையே வாகட் டிராஃபிக் பற்றியும் சொல்லிக்கொண்டு போவார். வகுப்பு முடிந்ததும் நான் சாணி அள்ளும் தள்ளுவண்டிக்கு முன்னால் கைகட்டி நின்று, "ஏனுங்க, கொஞ்சம் நவுருங்க" என்பேன். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கல்யாணசுந்தரமும் சிரிப்பார். அதுதான் எரிச்சலாக இருக்கும்.

குளிர்காலத்தில் குதிரைப் போட்டி வந்தது. முதல் முறை கலந்துகொள்பவர்களுக்கென்று ஒரு பிரிவு: தரையில் கிடக்கும் கழிகளையும் முழங்கால் உயரத் தடைகளையும் தாண்டி ஒரு சுற்று. அதற்கு வயது வரம்பு கிடையாது. பயிற்சியை ரீனா மேடம் முதல் முறையாக என்னிடமே ஒப்படைத்தார். கல்யாணசுந்தரமும் பெயர் கொடுத்தார்.

"அங்கிள், உங்க க்ரூப்ல எல்லாம் பொடிப் பசங்க. ஏன் இந்த வேலை?"

அவர் நவாபின் குளம்பில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பாப்பாகிட்ட ஒரு டீல் போட்டிருக்கேனுங்க. நானு ஒரு ரவுண்டு ஒழுங்கா முடிச்சேன்னா, அவ மறுக்கா ஒருவாட்டி ஏறணும். சரின்னுட்டா."

"ஏறலன்னா என்ன அங்கிள்? சோட் தோ, விட்டுடுங்க. பேட்மின்டன்ல சேத்து விடுங்க."

"குதிரை மட்டும்னா உட்டுருவேனுங்க. அப்பறம் சைக்கிளை உட்டா. நீச்சலை உட்டா. இப்ப மாடிப்படி எறங்கறதுக்கே என் கையைப் புடிச்சுக்கறா, மாஸ்டர். ஏழாவது படிக்கற புள்ளைங்க. ஒரே ஒருக்கா ஏறி உக்காந்துட்டான்னாப் போதுங்க."

"டென்ஷன் வேண்டாம். நீங்க என் ஸ்டூடண்ட்" என்றேன். அதை முழு மனதோடுதான் சொன்னேன்.

முதல் போட்டிக்கு மாணவர்களைத் தயார் செய்வது என்றால் பூட்ஸுக்குப் பாலிஷ் போட வைப்பதும், குதிரையின் பிடரியைப் பின்னக் கற்றுக்கொடுப்பதும், நடுவருக்குச் சல்யூட் அடிக்கப் பழக்குவதும்தான் என்று நினைத்திருந்தேன். சல்யூட் அடிக்கச் சொன்னால் அம்பி என்ற பையன் கடிவாளத்தை முழுதாக விட்டுவிட்டு இரண்டு கையாலும் அடிப்பான். ஜெனிபர் முதுகில் எண் துணியைக் கட்டியதும் அழுவாள். அவிழ்த்தால் ஏன் அவிழ்த்தீர்கள் என்று அழுவாள். ஆனாலும் குதிரைகள் கடிகாரம் போல ஓடின. நான் நடுவில் நின்று "ட்ராட்!" என்பேன், எல்லாம் துள்ளும். "வாக்!" என்பேன், எல்லாம் நடக்கும். என் கற்பிக்கும் திறனை நினைத்து எனக்கே சில நாள் கண் கலங்கும்.

போட்டிக்கு முந்தைய வாரம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

மைதானத்தின் நடுவில் நின்று "ட்ராட்" என்றேன். காற்றுதான் வந்தது. பிள்ளைகளுக்குக் கையால் சைகை காட்டினேன். பிள்ளைகள் காலால் அழுத்தினார்கள், உதைத்தார்கள், சேணத்தில் குதித்தார்கள். குதிரைகள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன. நான் மாணவர்களுக்குச் சொல்கிறேன், மாணவர்கள் குதிரைகளுக்குச் சொல்கிறார்கள் என்று இத்தனை மாதமாக நம்பியிருந்தேன். குதிரைகள் நடுவில் தரகர் யாரும் இல்லாமல் நேராக என்னிடமே வாங்கிக்கொண்டிருந்திருக்கின்றன. மேலே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் மூட்டைகள்தான். ஒருவருக்கும் ஓட்டத் தெரியாது. நான் ஒருவருக்கும் எதையும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. போட்டியிலோ, வெளியிலிருந்து யாராவது ஒரு சொல் சொன்னாலும் ஓட்டுபவரை நீக்கிவிடுவார்கள்.

அந்த அமைதியில் கடைசியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கொஞ்சம் வெரசாப் போலாமுங்க."

நவாப் மட்டும் கிளம்பியது. மற்ற குதிரைகளைத் தாண்டி, கழிகள் மீது ஒவ்வொன்றாகக் கால் தூக்கி வைத்து, அழகான துள்ளுநடையில் ஒரு சுற்றை முடித்து வந்து நின்றது.

"சார், அங்கிள் பேசினா போகுது! நாங்களும் பேசட்டுமா?" என்றான் அம்பி.

"நோ" என்றேன். அந்தச் சொல்லுக்கு மட்டும் எங்கிருந்தோ குரல் வந்தது.

தற்செயல் என்று முடிவு செய்தேன். நாட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே நிபுணன் வேறு என்ன முடிவு செய்ய முடியும்? வகுப்பு முடிந்ததும் கல்யாணசுந்தரத்தைத் தனியே கூப்பிட்டேன்.

"அங்கிள், ஷோல நவாப்கிட்ட பேசக் கூடாது."

"ரூலுங்களா?"

"வெளிய இருக்கறவங்க பேசக் கூடாதுன்னு ரூல். மேல இருக்கறவங்க பேசலாம். ஆனா அசிங்கம். ஜட்ஜுங்க சிரிப்பாங்க. ப்ரீத்தி முன்னாடி சிரிச்சா பரவாயில்லியா?"

அவர் முகம் மாறியது. நவாபின் கழுத்தை ஒரு தடவை தட்டினார்.

"சரிங்க, மாஸ்டர். நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்குமுங்க."

மீதி நாட்களில் நானே ஒரு குதிரையில் ஏறி முன்னால் போனேன். மற்றக் குதிரைகள் முன்னால் போகும் வாலைப் பார்த்துக்கொண்டு பின்னால் வந்தன. ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாம் ஓடின, நவாபும்தான். பேச்சு தோற்றது, கால் வென்றது என்று ரீனா மேடத்திடம் சொன்னேன்.

"சபரி, ஷோ மே சப் அகேலே ஜாதே ஹை" என்றார் அவர். போட்டியில் எல்லாரும் தனித்தனியாகத்தான் போவார்கள் என்பதை நினைவூட்டினார்.

"தெரியும் மேம்" என்றேன். தெரியும்தான்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாகவே அடித்தது. அம்பியின் குதிரை தொடக்கக் கோட்டைத் தாண்டவில்லை. நடுவர் மேசையில் தொங்கவிட்டிருந்த செவ்வந்தி மாலையைத் தின்றது. ஜெனிபரின் குதிரை வாசலுக்குத் திரும்பி வந்து என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது. அந்த வாரம் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். மற்றவை நின்றன. என் குரல் இதற்குள் திரும்பியிருந்தது. திரும்பி என்ன பயன்?

கல்யாணசுந்தரம் தன் கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்த கறுப்புக் கோட்டில் வந்திருந்தார். பொத்தான் சேரவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம், எனக்குப் பக்கத்தில், ப்ரீத்தி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய அம்மா சந்திரிகா போனைத் தூக்கிப் படமெடுக்கத் தயாராக இருந்தார்.

கல்யாணசுந்தரம் சல்யூட் அடித்தார். மணி அடித்தது. மணி அடித்து முக்கால் நிமிடத்துக்குள் கிளம்ப வேண்டும்.

காலால் அழுத்தினார். குதிகால் கீழே, முதுகு நேர், கைகள் அசையவில்லை. என் மாணவர்களில் இவ்வளவு சரியாக யாரும் உட்கார்ந்ததில்லை. சொன்னது அத்தனையையும் செய்தார். நவாபின் இரண்டு காதுகளும் பின்பக்கம் திரும்பின. அப்படியே நின்றன. குதிரை காத்திருந்தது.

"அப்பா பேசுவாரு" என்றாள் ப்ரீத்தி, தனக்குத்தானே. "இப்பப் பேசுவாரு பாரும்மா."

கல்யாணசுந்தரம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு தலையசைப்பு போதும். நான் நடுவர்கள் சிரிக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, உதட்டில் விரலை வைத்தேன்.

அவர் முன்னால் திரும்பிக்கொண்டார். மறுபடி காலால் அழுத்தினார்.

"பேசுங்கப்பா" என்றாள் ப்ரீத்தி. வேலிக்கு அப்பால் கேட்காத குரல்.

நேரம் முடிந்து மணி மறுபடியும் அடித்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. நடுவர் மைக்கில் மரியாதையாக நன்றி சொன்னார்.

வாசலுக்கு வெளியே அவர் இறங்கியபோது ப்ரீத்தி எதிரே நின்றாள், குதிரையிலிருந்து தள்ளி.

"கீழ உழுகலியே, பாப்பா."

"ரவுண்டு முடிக்கலப்பா."

"ஆமா, கண்ணு."

"வீட்ல சாமி ரூம்லகூட நவாப்கிட்டப் பேசற மாதிரி ப்ராக்டீஸ் பண்ணுவீங்க. இன்னைக்கு ஏன் பேசல?"

"மாஸ்டர் வேண்டாம்னாரு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் நவாபின் குளம்பைப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றுமில்லை, காலையில் அவரே சுத்தம் செய்திருந்தார்.

அவருடைய வகுப்புகள் அந்த வாரத்தோடு முடிந்திருந்தன. "வர்றனுங்க, மாஸ்டர்" என்று கைகூப்பிவிட்டுப் போனார். கார்கள் நின்ற இடத்துக்கு நாலைந்து படி இறங்க வேண்டும். படிக்கு வந்ததும் ப்ரீத்தி நின்றாள். அவர் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள்.

மற்றக் குதிரைகள் லாரியில் ஏறிவிட்டன. நவாப் ஏறவில்லை. குதிரைக்காரர் சலீம் பாயும் டிரைவரும் இழுத்துப் பார்த்துச் சலித்து, வடாபாவ் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் கயிற்றை இழுத்தேன். பின்னால் போய்த் தள்ளினேன். "கம் ஆன்! சல்!" என்று திரும்பிவந்த குரலையெல்லாம் கொட்டிக் கத்தினேன். நவாப் லாரியில் ஏறும் சாய்பலகையின் கீழே நான்கு காலையும் ஊன்றி, படிகள் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

சுற்றிலும் பார்த்தேன். மைதானத்தில் கழிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் வெகு தூரத்தில் இருந்தார்கள். நவாபின் தலைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏனுங்க" என்றேன்.

ஒரு காது திரும்பியது.

"அவரு வரமாட்டாருங்க" என்றேன். பிறகு, இன்னும் மெதுவாக, "கொஞ்சம் ஏறுங்க. வீட்டுக்குப் போலாமுங்க."