ஜெயபாலனின் கோஸ்

ஈப்போவில் எங்கள் பக்கத்து வீட்டு ஜெயபாலனுக்கு மின்சார ஆபீசில் என்ன வேலை என்று அவன் பெண்டாட்டி நவமணியிடம் கேட்டேன். "கோஸ் பாக்குறாருக்கா" என்றாள். அவன் முட்டைக்கோஸ் வியாபாரம் செய்வதாக எங்கள் லோரோங் சந்து முழுக்கச் சொல்லிவிட்டேன். மலாய் மொழியில் கோஸ் என்றால் செலவாம். எந்த மின்நிலையத்தை ஓட்ட எவ்வளவு ஆகிறது என்று ஒப்பிடுகிற வேலையாம். அதைத் தமிழில் சொல்லித் தொலைத்தால் என்ன?

கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவர் அவன் அண்ணன் சின்னையா. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய எண்ணெய் மின்நிலையத்தில் பாய்லர் வேலை. தம்பியைப் படிக்கவைத்ததே அந்தப் பாய்லர் சூடுதான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் கையில் ஒரு கேமரன் மலை முட்டைக்கோஸோடு வருவார். "டேய், இந்தா லா உன் ஆபீஸ் வேல!"

எண்பத்திரண்டில், இங்கும் அணுமின் நிலையம் கட்டலாமா என்று ஆபீசில் பேச்சு எழுந்தது. வெளிநாட்டு அணுமின் நிலையங்களின் செலவையும் நம் நிலையங்களின் செலவையும் ஜெயபாலன் அருகருகே வைத்துப் பார்த்தான். ஓட்டுவதற்கு அதிகம் தின்றது அண்ணனின் நிலையம். அறிக்கை மேலே போனால் அதை மூடிவிடுவார்கள்.

அண்ணனும் தம்பியும் அதைப் பேசியபோது வேலிக்கு இந்தப் பக்கம் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். காய்ந்த துணிதான். அதனால் என்ன?

"அணு நிலையம் கட்டுன கடன் இந்தக் கணக்குல இருக்காடா?"

"இல்லண்ணே. ஓட்டுற செலவ மட்டுந்தான் கேட்டாங்க."

"கடன மறைச்சா அது மலிவாத்தானே தெரியும்? அத ஒரு வரி எழுதுடா."

"எழுதுனேண்ணே. ஆபீஸ் பெரியவரு அந்த வரிய அடிச்சிட்டாரு."

"திரும்ப எழுது லா."

"எனக்கும் வேல போயிரும்ண்ணே."

சின்னையா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து போனார்.

அந்த நிலையத்தை மூடினார்கள். அணுமின் நிலையமும் வரவில்லை. சின்னையா லாரியில் மூட்டை ஏற்றப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசல் வெறுமையாகக் கிடந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் ஜெயபாலன் தானே ஒரு முட்டைக்கோஸ் வாங்கி மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு சுங்கை சிப்புட் போனான். சாயங்காலம் திரும்பினான். கேட்காமல் இருப்பேனா?

"அண்ணன் வீட்ல இருந்தாரா?"

"இருந்தாருக்கா." ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றான். "'வாங்க, உக்காருங்க'ன்னாரு."

கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி 'டேய்' என்று கூப்பிடுகிற மனிதர்.

கோஸ் கைப்பிடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நவமணி அதை எடுக்க வரவில்லை. நான் காய்ந்த துணியை எடுத்து மறுபடியும் உதறினேன்.